கம்பியைக் கழற்ற மாட்டேன்

அப்பு,

கம்பியைக் கழற்ற மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அம்மா என்னதான் சொல்ல வருகிறாள் என்று நீ தலையைச் சொறிய வேண்டாம். ஜீப்பில் போட்ட ரோல் பார் அப்படியே இருக்கும். பின்னால் வைத்த இரண்டு சீட்டும் அப்படியே இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா ஜீப்பில்தான் வருவேன் என்று ஆசைப்பட்டவன் நீ. தாராளமாக வா. ஆனால் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு வா. இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், பாதியில் வைத்துவிடுவோம். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நீ நிதானமாகப் படித்து, கோபப்பட்டு, கோபம் ஆறுவதற்கும் நேரம் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். “அம்மா, வண்டி போட்டோ பாத்தேன், அசத்திட்டீங்க. ஆனா அந்தக் கம்பிய மட்டும் அன்னைக்கு ஒரு நாளைக்குக் கழட்டிருங்க. கூண்டுக்குள்ள இருக்க மாதிரி விழுகும்னு போட்டோக்காரர் சொல்றாரு. பின் சீட்டையும் எடுத்துட்டா நான் நின்னுக்கிட்டே வந்துருவேன். அக்கா பின்னாடி கார்ல வரட்டும், ஏறி இறங்கச் சிரமப்படும். டிரைவருக்குப் பெரியப்பா ஆள் சொல்லிருக்காரு.” முதல் முறை அடுப்படியில் கேட்டேன். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். “கார்ல ஏசி இருக்கும்ல, நல்லதுதான” என்று சிரித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குப் பரீட்சைத் தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் “ஒரு நாளைக்கு மட்டும்” என்று சொன்னாய் பார், அதே பேச்சை இதே வண்டியைக் காட்டி ஒருத்தி முன்னால் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி நான்தான்.

அந்த ஜீப்பை உன் அப்பா ஏலத்தில் எடுத்தபோது நீ பிறக்கவில்லை. அப்போதே அது பழைய வண்டிதான். முன் சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து எழும்பி, தலைக்கு மேல் வளைந்து மறுபக்கம் இறங்குகிற தடித்த இரும்புக் குழாய் ஒன்று அதில் இருந்தது. வண்டி கவிழ்ந்தால் ஆட்கள் மேல் அமுங்காமல் தாங்குவதற்கு. ரோல் பார் என்ற பேரெல்லாம் அப்போது நமக்குத் தெரியாது, வளைவுக் கம்பி என்போம். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரத்தின் மேல் நீளப் பலகை. முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார வேண்டும். பெல்ட் கிடையாது. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போனதும் அதில்தான், மாரியம்மன் திருவிழாவுக்குப் பதிமூன்று பேர் போனதும் அதில்தான். உன் அக்கா எப்போதும் பலகையின் முன் கோடியில் உட்கார்ந்து அந்தக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். வேறு யாரையும் அந்த இடத்தில் உட்கார விடமாட்டாள். நான் கம்பியில் ஒயர் கூடை மாட்டுவேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

உன் மாமா, என் ஒரே தம்பி, அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நம் ஜீப்பில்தான் என்று முடிவானது. நிலக்கோட்டையிலிருந்து பூ வரவழைத்து வளைவு கட்டி, பந்தல்காரரிடம் ராஜா நாற்காலி வாடகைக்கு எடுத்து, அதைப் பின்னால் உயரமாகத் தூக்கி வைத்து, மாப்பிள்ளை அதில் அமர்ந்து வரவேண்டும். நம் பக்கத்தில் அப்படித்தானே. நாற்காலியை வைத்துப் பார்த்தால் கம்பி சரியாக அவன் முகத்துக்கு நேரே வந்தது. பூ வளைவும் நிற்கவில்லை. நான் அன்றைக்கு எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அக்காள் வீட்டுச் சீர் என்று ஊர் பேச வேண்டும் என்ற வெறி. “எந்தம்பி என்ன கூண்டுல அடச்ச கிளியா? அறுத்து எறிங்க அத” என்று சொன்னேன். அப்பா தயங்கினார். “அது வண்டியோட எலும்பு மாதிரி தாயி. போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு, கழட்டவும் வராது. அறுத்தா அம்புட்டுத்தான்” என்றார். “ஒரு நாளைக்குத்தான? கல்யாணம் முடிஞ்சதும் ஒட்டிக்கிறலாம்” என்றேன் நான். அவர் இரண்டு நாள் இழுத்தடித்தார். நான் பேசாமல் இருந்தேன், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கூட எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் அறுத்துவிட்டார்.

ஊர்வலம் நன்றாகத்தான் நடந்தது. என் தம்பி ராஜா மாதிரி வந்தான். போட்டோவில் கம்பி கிம்பி எதுவும் இல்லை, நீ ஆல்பத்தில் பார்த்திருப்பாய். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து வெல்டரைக் கூப்பிடவா என்று அப்பா கேட்டார். மாங்காய் சீசன் முடியட்டும் என்றேன். பிறகு கேட்டார், மழை வரட்டும் என்றேன். அறுத்த குழாய் மோட்டார் ரூம் பின்னால் கிடந்தது. புடலைக்குப் பந்தல் போட ஊன்றுகால் தேவைப்பட்டபோது அதை எடுத்து நட்டதும் நானேதான். நல்ல உறுதியான கால், அந்த வருடம் புடலை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், சட்டியில் வேகிற புடலங்காயைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அம்மாவுக்குப் புடலை பிடிக்காது என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்வீர்களே, காரணம் இதுதான்.

அடுத்த வருடம் நத்தத்தில் சித்தப்பா தோப்பில் மாங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். நீ முன் சீட்டில் என் மடியில். உனக்கு ஏழு வயது, மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகி அழுதுகொண்டே வந்தாய். அக்கா பின்னால் மாங்காய்க் கூடைகளோடு, தன் வழக்கமான இடத்தில். பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும். ஒரு டிவிஎஸ் வண்டிக்காரர் புல்லுக்கட்டோடு சந்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறினார். அப்பா அவரைக் காப்பாற்ற ஒடித்தார். இடது சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்கியது, வயல் ஒரு முழம் பள்ளத்தில் இருந்தது. வேகம் இல்லை அப்பு. சத்தியமாக வேகம் இல்லை. ஜீப் மெதுவாகச் சாய்ந்து, ஒரு நொடி நின்று, பிறகு முழுதாகப் புரண்டது. நீயும் நானும் சேற்றில் விழுந்தோம், ஒரு கீறல் இல்லை. அக்காவின் இடது காலின் மேல் வண்டி இருந்தது. பன்னிரண்டு வயது. மதுரையில் மூன்று ஆபரேஷன். ஒரு கால் இரண்டு அங்குலம் குட்டையாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

வேகமாக ஓட்டிவிட்டார் என்று ஊர் சொன்னது. பெரியப்பா சொன்னார், என் அப்பா சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். உன் அப்பா எல்லோருக்கும் தலையாட்டினார். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார், அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் அவர் உன் மார்க்கைப் பற்றி ஏதோ கேட்க, நீ எழுந்து நின்று சொன்னாய்: “நீங்க ஓட்டுன லட்சணத்துலதான அக்கா இப்படி ஆச்சு. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க.” ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். வெஞ்சனம் வைக்கக் கரண்டியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். ‘கம்பியை அறுக்கச் சொன்னவள் நான்’ என்று. வாய் வரை வந்தது. அப்பளம் வேணுமா என்று உன்னைக் கேட்டேன்.

சாயங்காலம் மோட்டார் ரூமுக்குப் போய் அவரிடம் அழுதேன். புள்ளைகிட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்றேன். தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “எம்மேல கோவிச்சா நான் செத்த நேரம் தோட்டத்துப் பக்கம் வந்துருவேன். உம்மேல கோவிச்சா அவன் யாருகிட்டப் போயிச் சோறு கேப்பான்? விடு தாயி.” அதோடு பேச்சு முடிந்தது. இதைப் படித்ததும் அப்பாவைத் தெய்வமாக்கிவிடாதே. எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றியதாக அவர் நினைத்தார். என்னைக் கோழையாக்கினார், அவ்வளவுதான் நடந்தது. உனக்கும் கிடைக்க வேண்டிய அப்பா கிடைக்கவில்லை. கடைசி வருடங்களில் நீ அவரோடு பேசியது ‘சாப்டீங்களா’, ‘மாத்திர போட்டீங்களா’, இந்த இரண்டு கேள்விதான். நாளைக்கு உன் மனைவி ஏதாவது ஒன்றை அறுக்கச் சொல்வாள், நீயும் சொல்வாய், வீடு என்றால் நடக்கும். அப்போது தவறு யாருடையதோ அதை அவர்கள் பேரிலேயே இருக்க விடு. பெருந்தன்மை காட்டி மூடி வைக்காதே.

அவர் போன பிறகு தார்ப்பாயை எடுத்தேன். பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னவர்கள் பத்துப் பேர். நான் அறுபது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு உன்னை விட இரண்டு வயது குறைவு, கிளட்சை விடும்போதெல்லாம் “அம்மா, மெதுவா, கோழிக்குஞ்ச எறக்கி விடுற மாதிரி” என்பாள். லைசென்ஸ் வாங்கினேன். பிறகு வண்டியைப் பேகம்பூரில் சிக்கந்தர் பாய் பட்டறைக்கு இழுத்துப் போனேன். புடலைப் பந்தலிலிருந்து பிடுங்கிய பழைய குழாயையும் கூடவே கொண்டு போனேன், அதையே ஒட்டிவிடலாம் என்ற நினைப்பில். பாய் அதைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஓரமாக வைத்துவிட்டார். “இத வச்சு மறுபடி கொடி ஏத்துங்கக்கா, ஆள ஏத்தாதீங்க” என்றார். ஒட்டில்லாத புதுக் குழாய், மெஷினில் வளைத்தது. முதல் குழாய் வளைவில் லேசாக நசுங்கியிருந்தது, என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, அவர் அதைத் தள்ளிவிட்டு இன்னொன்று வளைத்தார். முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு, பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு, மேலே இரண்டையும் சேர்க்க நீளக் குழாய். தரைத் தகட்டில் மட்டும் பூட்டினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம். அதனால் அடியில் கனமான பிளேட் கொடுத்து, வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேசிஸோடு சேர்த்துப் பூட்டினார். முடிந்ததும் வாசலில் இருந்த வேப்பமரத்துக் கிளையை நம்பாமல், பட்டறை உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, அந்தக் கம்பியைப் பிடித்தே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. ஒரு போல்ட் அசையவில்லை.

பழைய நீளப் பலகைகளைத் தூக்கிப் போட்டாயிற்று. முன்னோக்கிப் பார்க்கிற இரண்டு தனிச் சீட்டு, தலை சாய, தோளுக்குக் குறுக்கே பெல்ட். அளவெல்லாம் உன் அக்கா கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து, வெறும் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்து, “பாய், எனக்கு ரெண்டு காலு ரெண்டு அளவு. சீட்டு ஒண்ணா இருக்கட்டும், கால் வைக்கிற எடம் மட்டும் ரெண்டு ஒசரத்துல இருக்கட்டும்” என்றாள். பாய் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். ஏறுவதற்குப் பின்னால் ஒரு படியும் கைப்பிடியும் வைத்தார். இப்போது யார் உதவியும் இல்லாமல் ஏறுகிறாள், என்னை விட வேகமாக. சிரமப்படும் என்று நீ சொன்னது அதனால்தான் எனக்குச் சுட்டது. சீட்டு மாற்றியதை ஆர்.சி.யில் பதிய எழுதியும் கொடுத்துவிட்டேன், அதையும் கேட்பாய் என்று தெரியும்.

அன்றைக்குப் பாயிடம் நான் கேட்டேன், பழைய கம்பி இருந்திருந்தால் என் மகள் கால் தப்பியிருக்குமா என்று. வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “வண்டி முழுசாப் பெரண்டிருக்காதுக்கா. பாப்பாவுக்குப் பிடிக்கவும் ஒண்ணு இருந்திருக்கும்.” வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்து நான்கு வயது மகள் முன்னால் திருடி மாதிரி நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எனக்குத் தெரியும்மா. அறுக்கிறப்ப பக்கத்துலதான நின்னேன், பொறி பறக்கிறதப் பாத்துக்கிட்டு. அப்பா சொல்ல வேணாம்னாரு” என்றாள். என் மேல் கோபம் இல்லையா என்றேன். “இருந்துச்சு. நெறைய நாள் இருந்துச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” அப்புறம் காபி போடப் போய்விட்டாள். ஆக இந்த வீட்டில் தெரியாதவன் நீ ஒருவன்தான். பொய்யான அப்பாவை உனக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் நிஜத்தை வைத்துக்கொண்டிருந்தோம். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். கோபப்படு. இந்த முறை சரியான ஆள் மேல் கோபப்படு.

இனி ஊர்வலத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை தாலியில் மூன்றாம் முடிச்சுப் போட உனக்கு அக்கா வேண்டும், முதல் நாள் சாயங்காலம் மட்டும் அவள் பின்னால் வரும் காரிலா? நடக்காது. உனக்குப் பக்கத்துச் சீட்டு அவளுடையது. வத்தலக்குண்டிலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார் அவள் இறங்கி நடப்பதைப் பார்ப்பார்கள் என்றால் நன்றாகப் பார்க்கட்டும். உன் வருங்கால மனைவியிடம் நேற்றுப் பேசினேன். கம்பியைக் கழற்றச் சொன்னது அவள் இல்லை என்று தெரிந்துகொண்டேன். “அத்தை, கம்பில பூச்சுத்திரலாமா?” என்று மட்டும் கேட்டாள். சுற்றலாம். நிலக்கோட்டை மல்லிகையாகவே சுற்றலாம். கம்பி பூவைத் தாங்கும், உன்னையும் தாங்கும்.

பெரியப்பா சொன்ன டிரைவர் வேண்டாம். நான் ஓட்டுகிறேன். இது தெரிந்து அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “நீ முன்னால வர்றது நல்லாவா இருக்கும் தாயி, நாலு பேரு என்ன சொல்வாக” என்றார். நான் காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “மாமா, லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க. தாலி இருக்கான்னு வண்டிக்குத் தெரியாது.” காபியைக் குடிக்காமல் போய்விட்டார், இரண்டு நாளில் வருவார், அவர் அப்படித்தான். புருஷன் இல்லாதவள் மகன் ஊர்வலத்தில் முன்னால் வரக்கூடாது என்று எங்கேயாவது இருந்தால் இருக்கட்டும். ஒரு முறை ஊர் மெச்சவேண்டும் என்று நான் செய்ததற்கு என் மகள் கால் கொடுத்தாள், என் புருஷன் பேர் கொடுத்தார். இனி ஊருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உனக்கு இது ஒத்துவராது என்றால் சொல், வேறு கார் பார்த்துக்கொள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்போதும் நானும் அக்காவும் ஜீப்பில்தான் வருவோம். வருவதாக இருந்தால், பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி நிற்கும். பின்பக்கப் படியில் ஏறு, பட்டு வேட்டியைப் பார்த்துக்கொள். அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். பெல்ட் நாக்கு பூட்டில் விழும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், முன் சீட்டு வரை கேட்கும், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டு சத்தம் கேட்க வேண்டும். பேண்டுக்காரர்களை அதுவரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது சத்தம் கேட்கிற வரை நான் சாவியைத் திருப்ப மாட்டேன், நல்ல நேரம் போனாலும் சரி.

அம்மா